மாடக்குழியில் அமர்ந்த மூதாதையர்

தமிழ்நாட்டின் பழைய இடுகாடுகளைச் சுற்றி வழங்கும் கதைகளுள் மிகப் பரவலானது முதுமக்கள் தாழியைப் பற்றிய கதையாகும். முன்னொரு காலத்தில் மனிதருக்குச் சாவு எளிதில் வராது என்றும், வயது ஏற ஏற அவர்கள் உடல் சுருங்கிக் கைக்குழந்தை அளவாகி, பின்னர் பூனைக்குட்டி அளவாகி, வீட்டுச் சுவரில் அகல்விளக்கு வைக்கும் மாடக்குழிக்குள் உட்காரவைக்கும் அளவுக்குக் குறுகிவிடுவார்கள் என்றும், பேச்சும் நடையும் ஓய்ந்த பிறகும் உயிர் மட்டும் பிரியாமல் விழித்துக் கிடக்கும் அவர்களை ஒரு பெரிய பானைக்குள் இறக்கி, பக்கத்தில் சோறும் நீரும் விளக்கும் வைத்து, மூடியிட்டு மண்ணில் புதைத்துவிடுவார்கள் என்றும் அக்கதை கூறுகிறது. கிணறு வெட்டும்போதும் வயலைச் சமன்செய்யும்போதும் தாழிகள் வெளிப்பட்ட ஊர்களில் எல்லாம் இக்கதை சிற்சில மாற்றங்களோடு பாட்டியரிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தாழி என்பது சுட்ட மண்ணால் ஆன, வயிறு அகன்று அடி குவிந்த பெரும்பானை. இரும்புக் காலம் என்று தொல்லியலார் குறிக்கும் காலத்தில் இறந்தோரை அதில் இட்டுப் புதைப்பது தமிழகத்தில் பரவலான வழக்கமாக இருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில், பரம்பு என்று மக்கள் அழைக்கும் ஏறத்தாழ 114 ஏக்கர் மேட்டுநிலம் இத்தகைய தாழிகளின் பெரும் புதைகாடாகும். அங்கு 1876இல் ஜெர்மானியரான யாகோர் முதலில் தோண்டினார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு 2004ஐ ஒட்டி இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தபோது, ஒரு சிறு பரப்பிலேயே 160க்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. சிலவற்றில் முழங்கால் மடித்து அமர்த்தப்பட்ட முழு எலும்புக்கூடுகள் இருந்தன. சிலவற்றில் எலும்புகளுள் ஒரு பகுதி மட்டுமே இருந்தது. உடலை வேறிடத்தில் இட்டுவைத்துத் தசை அழிந்த பின் எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கித் தாழியில் இட்டுப் புதைப்பதை இரண்டாம்நிலைப் புதைப்பு என்பர்.

இந்தச் சான்றுகளைக் கதையோடு வைத்துப் பார்த்தால், கதையைக் கட்டியவர்கள் வெறுமனே கற்பனை செய்யவில்லை என்பதும், மண்ணுக்குள் கண்டதை உற்றுநோக்கி அதற்கு ஒரு காரணம் தேடினார்கள் என்பதும் புலப்படும். இரண்டாம்நிலைப் புதைப்பு என்ற வழக்கம் மறந்துபோன ஒரு காலத்தில், ஆள் நுழைய முடியாத வாயுடைய பானைக்குள் மனித எலும்பைக் கண்டவர், அந்த மனிதர் சுருங்கித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது அவர் அறிந்த அளவில் செம்மையான அனுமானமே. உணவு வைத்துப் புதைத்தார்கள் என்ற பகுதியோ அப்படியே உண்மை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் இருந்த சிறு கலங்களில் நெல், தினை வகைகளின் உமியை ரீ கண்டார். அருகிலுள்ள சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்து எடுக்கப்பட்ட நெல், கி.மு. 1155ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் கையால் அள்ளி வைக்கப்பட்ட நெல்லை ஆய்வகம் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே கதை சொல்லிவந்திருக்கிறது.

எனினும் கதையில் உள்ள ஒரு செய்தி தாழிக்குள் இருந்து வந்ததன்று. புதைக்கப்படும்போது முதியவர் உயிரோடு இருந்தார் என்பதே அது. தென்மாவட்டங்களின் சில பகுதிகளில், படுக்கையில் விழுந்த முதியோருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீர் ஊற்றிச் சாவை விரைவுபடுத்தும் தலைக்கூத்தல் என்ற கொடிய வழக்கம் அண்மைக் காலம் வரை இருந்ததை நினைக்கும்போது, மாடக்குழியில் விழித்தபடி அமர்ந்திருக்கும் அந்தச் சின்னஞ்சிறு உருவம் வெறும் வேடிக்கைப் பொருளாகத் தோன்றாது. வேலை செய்ய இயலாதவரை வீடு என்ன செய்யும் என்ற கேள்வியும், அக்கேள்விக்குத் தான் தந்த விடையைப் பற்றிய குற்றவுணர்வும் அக்கதைக்குள் இருப்பதாகவே கொள்ள வேண்டும். சங்கப் பாடலில் தாழி இதற்கு நேர்மாறான உணர்வோடு இடம்பெறுகிறது. புறநானூற்றின் 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, அவனுக்காகச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையுமாறு குயவனைக் கேட்கிறாள்.

தாழிகள் கிடைக்காத மலையடிவாரங்களிலும் பாறைக்குன்றுகளிலும் கதையின் வடிவம் மாறுகிறது. அங்கு பழைய ஈமச்சின்னங்கள் கல்லால் ஆனவை. நிலத்தின்மேல் பலகைக் கற்களை நான்கு சுவராக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி அமைப்பது கல்திட்டை. நிலத்துக்குள் அவ்வாறே அமைத்து மூடுவது கல்பதுக்கை. இவற்றின் ஒரு பக்கச் சுவரில் பெரும்பாலும் வட்டமான துளை ஒன்று இருக்கும். எலும்பையும் படையலையும் உள்ளே இடுவதற்கானது என்று கருதி அதனை இடுதுளை என்பர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் குன்றின்மேல் வரிசையாக நிற்கும் கல்திட்டைகளைப் பார்க்கும் எவருக்கும், சுவரும் கூரையும் வாசலும் உடைய சிறு வீடுகளின் குடியிருப்பு ஒன்றுக்குள் நுழைந்த எண்ணமே முதலில் தோன்றும். வாசல் அத்தனை சிறிதாக இருந்தால் குடியிருந்தவர்களும் சிறியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று மக்கள் கருதினார்கள். ஆகையால் இவற்றுக்குக் குள்ளர் வீடு என்று பெயர் வந்தது. கர்நாடகத்தின் ஹிரேபெனகல் அருகே நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் உள்ள மலையை மோரியர் குன்று என்ற பொருளில் மக்கள் அழைப்பதும் அங்கு வாழ்ந்ததாக நம்பப்படும் குள்ளரை எண்ணியே. வேறு சில ஊர்களில் இதே கற்கள் வனவாசத்தின்போது பாண்டவர் தங்கிய பாண்டவர் வீடுகளாகும். கேரள எல்லையில் மறையூர்ப் பகுதியில் முனிவர்கள் தவம் செய்த முனியறைகளாகும். குள்ளரோ பாண்டவரோ முனிவரோ, இங்கு இறந்தவரைப் பற்றிய பேச்சே எழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கல்லறை என்பதே மறந்துபோன இடத்தில் பேய்க்கு வேலை இல்லை. அங்கு வாழ்ந்தவரைப் பற்றிய கதையே பிறக்கிறது.

பேய் தோன்றுவது பிணம் வந்துகொண்டிருக்கும் இடத்தில். இறந்தோரைப் புதைக்கும் இடம் இடுகாடு, எரிக்கும் இடம் சுடுகாடு அல்லது சுடலை, இரண்டுக்கும் பொதுவாக வழங்குவது மயானம். இந்த இடத்தை மையமாகக் கொண்ட முழுமையான பேய்க்கதை ஒன்று, ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கருதப்படும் மணிமேகலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து மயானத்துக்குச் சக்கரவாளக் கோட்டம் என்ற பெயர் வந்த காரணத்தை மணிமேகலா தெய்வம் விளக்கும் அப்பகுதியில், சுடுதல், வெளியே இட்டுவிடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியால் கவித்தல் என்று அக்காலத்தில் நிலவிய முறைகள் அனைத்தும் ஒரே மயானத்தில் அருகருகே நடப்பது வருணிக்கப்படுகிறது. அங்கு வழிதவறி வந்த சார்ங்கலன் என்ற அந்தணச் சிறுவன், பேய்மகள் ஒருத்தி ஒரு பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி மகிழ்ந்து கூத்தாடுவதைக் கண்டு நடுங்கி ஓடி, தாயிடம் வந்து சொல்லி உயிர்விடுகிறான்.

மற்றொரு கதையாசிரியர் இங்கு முடித்திருப்பார். மணிமேகலையின் ஆசிரியரான சாத்தனார் முடிக்கவில்லை. பார்வையற்ற தாயான கோதமை, மகனின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு இரவில் மயான வாசலுக்கு வந்து, காவல் தெய்வமான சம்பாபதியை அழைத்து முறையிடுகிறாள். உயிரைப் பேய் கொள்ளவில்லை, அவனவன் வினைப்படியே உயிர் பிரிந்தது என்கிறது தெய்வம். தன் உயிரை எடுத்துக்கொண்டு மகன் உயிரைத் தருமாறு அவள் கேட்கிறாள். முடியாது என்பதற்குச் சான்றாகச் சக்கரவாளம் எனப்படும் பேரண்டத்துத் தேவர் அனைவரையும் தெய்வம் அவள்முன் வரவழைக்கிறது. ஒரு பேயில் தொடங்கி, எந்தத் தெய்வத்தாலும் திருப்பித் தர இயலாத இழப்பில் வந்து நிற்கும் இந்தக் கதையை விஞ்சிய மயானக் கதை தமிழில் பின்னர் எழுதப்படவில்லை என்றே சொல்லலாம்.

மயானமும் பேயும் ஒரு தலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட இடம் திருவாலங்காடு. தன் அழகிய உடலை உதிர்த்துப் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார், ஈமத்தீயும் கள்ளியும் பேய்க்கூட்டமும் சூழ இறைவன் ஆடும் இடமாக அவ்வூரைப் பாடினார். அதனை அடுத்த பழையனூர், தமிழகத்தின் புகழ்பெற்ற பேய்க்கதையான நீலி கதையின் களம். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, வணிகனாகப் பிறந்த அவனைத் தொடர்ந்து வருகிறாள்; கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கைவிட்ட கணவன் இவன் என்று பழையனூர் வேளாளரிடம் அழுது முறையிடுகிறாள்; அவளுடைய கண்ணீரை நம்பிய எழுபது வேளாளர், வணிகனைத் தற்காப்பாக அவன் வைத்திருந்த வாளை விட்டுவிட்டு அவளோடு இரவு தங்கச் சொல்லி, அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் தாங்களும் உயிர்விடுவதாக வாக்களிக்கின்றனர்; விடிந்து பார்க்கும்போது அவன் இறந்து கிடக்க, எழுபது பேரும் சொன்ன சொல்லைக் காத்துத் தீப்பாய்கின்றனர். நீலிக்கண்ணீர் என்ற வழக்கு இன்றும் பேச்சில் இருப்பதற்கு இக்கதையே காரணம். ஞானசம்பந்தரின் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு இருப்பதால், ஏழாம் நூற்றாண்டுக்கு முன்பே கதை பரவியிருக்க வேண்டும்.

இந்த நீலியைச் சமணர் எடுத்தாண்ட முறை வியப்புக்குரியது. நீலகேசி என்ற காப்பியத்தில் அவள் ஒரு சுடுகாட்டில் தவமிருக்கும் முனிவரை அச்சுறுத்தப் பல கோர உருவங்களோடு வருகிறாள். அவர் அசையாமல் இருப்பதைக் கண்டு தோற்று, அவரிடமே அறம் கேட்டு, பின்னர் பிற சமயத்தாரை ஊர் ஊராகச் சென்று வாதில் வெல்லும் தருக்க அறிஞர் ஆகிறாள். தென்கோடியில் இதே கதைப்பெண், குமரி மாவட்டத்து முப்பந்தலில் குடிகொண்ட இசக்கியம்மனோடு இணைத்துப் பேசப்படுகிறாள். கொலையுண்ட ஒரு பெண், சைவரிடம் வாக்குத் தவறாமைக்குச் சான்றாகவும், சமணரிடம் அறிவின் வெற்றியாகவும், உழைக்கும் மக்களிடம் தாயாகவும் ஆனாள் என்பதில், மூன்று சமூகங்களும் அவளை மறக்க அஞ்சின என்பது தெரிகிறது.

தெற்கே தாமிரபரணிக் கரையிலும் அதற்கு அப்பாலும் மயானத்துக்கென்றே ஒரு தெய்வம் உண்டு. சுடலையில் உறையும் மாடன் என்பதால் சுடலைமாடன். பார்வதியின் வேண்டுதலால் விளக்கின் சுடரிலிருந்து பிறந்த குழந்தை, கயிலையில் ஒருநாள் நள்ளிரவில் தொட்டிலைவிட்டு இறங்கிச் சுடுகாட்டுக்குப் போய் எரியும் பிணத்தைத் தின்று திரும்பிவந்ததாகவும், அதனால் கயிலையில் இருக்கத் தகாதவனாகிப் பூவுலகில் மயானக் காவலும் மக்கள் காவலும் பெற்று அனுப்பப்பட்டதாகவும் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் பாடுவர். இவருக்குப் பெரும்பாலும் உருவச்சிலை இல்லை; செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்பு பூசிய, மேல்நோக்கிக் குறுகும் பீடமே தெய்வம். கொடை எனப்படும் ஆண்டு விழாவில் கணியான் கூத்துக் கலைஞர்கள் மகுடம் என்ற தோற்கருவியை முழக்கிக் கதை பாட, சாமியாடும் கோமரத்தாடி நள்ளிரவில் தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் புறப்படுவார். அந்நேரத்தில் எதிரே யாரும் வரக்கூடாது என்பதால் தெருக்கள் வெறிச்சோடிவிடும். சில ஊர்களில் அவர் எலும்புத் துண்டோடு திரும்புவதும் உண்டு. ஆண்டு முழுவதும் ஒதுக்கிவைத்த இடத்துக்கு, ஆண்டில் ஓர் இரவு, ஊரின் சார்பாக ஒருவர் போய் வருகிறார் என்பதே இச்சடங்கின் உட்பொருள். வடமாவட்டங்களில் இதற்கு இணையானது, மாசி மாத அமாவாசையையொட்டி மேல்மலையனூர் உள்ளிட்ட அங்காளம்மன் தலங்களில் நடக்கும் மயானக் கொள்ளை. சிவன் கையில் ஒட்டிக்கொண்டு படையலை எல்லாம் விழுங்கிய பிரம்ம கபாலத்தை, மயானத்தில் சோற்றை இறைத்துக் கீழே இறங்கவைத்து அம்மன் அடக்கிய கதை அதற்கு அடிப்படை.

இந்த நம்பிக்கைக்குள் அயலாரும் இடம்பெற்றனர். இடையன்குடியில் வாழ்ந்த கிறித்தவச் சமய ஊழியரான கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஓர் அரிய சான்று இருக்கிறது. 1809இல் திருவிதாங்கூர் எல்லை அரண்களைக் கைப்பற்றிய போரில் படுகாயமுற்று இறந்த ஆங்கில அதிகாரி ஒருவர், போர்க்களத்துக்கு ஏறத்தாழ 25 மைல் தொலைவில் ஒரு மணற்காட்டில் புதைக்கப்பட்டார். சில பதிற்றாண்டுகளுக்குப் பிறகு அப்பகுதி மக்கள் அவருக்கு வழிபாடு தொடங்கி, அவரைப் பற்றிப் பாட்டுக் கட்டி, சாராயமும் சுருட்டும் படைத்தனர். கால்டுவெல் இதனை அறியாமையின் அடையாளமாகக் கண்டார். ஆனால், வேற்று நாட்டுப் படையின் அதிகாரியாயினும், சொந்த மண்ணுக்கு வெகுதூரத்தில், உறவினர் ஒருவரும் இல்லாமல் மணலில் கிடப்பவருக்கு அவர் விரும்பியிருக்கக்கூடியதைத் தேடிப் படைத்தவர்களின் மனத்தில் அச்சம் மட்டுமே இருந்தது என்று சொல்வது முறையாகாது.

ஏனெனில் தமிழ் மரபில் பேயாவது தீயவர் அல்லர்; வாழ்வு முடியாமல் இறந்தவரே பேயாகிறார். கொலையுண்டவர், தூக்கிட்டுக்கொண்டவர், பிள்ளைப்பேற்றில் இறந்தவர், மணமாகாமல் இறந்தவர் ஆகியோரின் சாவு அகால மரணம் எனப்படும். வயது முதிர்ந்து பேரன் பேத்தி எடுத்துப் போனவர், இறந்தவுடன் முன்னோர் வரிசையில் சேர்ந்துவிடுவார். மற்றவர்க்கு அந்த இடம் உடனே கிடைப்பதில்லை. கொள்ளிவைத்த மகன் திரும்பிப் பார்க்காமல் நடப்பது, மயான வாசலில் அரிச்சந்திரன் கல்லின்முன் பாடையை இறக்கி விடைபெறுவது, சனிக்கிழமை இறந்தவர் துணை தேடுவார் என்று பாடையில் கோழியைக் கட்டுவது ஆகிய சடங்குகள் எல்லாம் இறந்தவருக்குப் போகும் வழியைத் தெளிவாக்கித் திரும்பும் வழியை மூடுபவை.

எரியும் பிணம் எழுந்து உட்காரும் என்ற பேச்சுக்கு, வெப்பத்தால் தசைநார்கள் சுருங்கிக் கைகால்களும் முதுகும் வளைவது காரணம். சதுப்பு நிலங்களில் தோன்றும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கு, அழுகும் பொருள்களிலிருந்து வெளிப்படும் வாயுக்கள் எரிவதை அறிவியலார் நெடுங்காலமாகக் காரணம் காட்டுகின்றனர். குழந்தை அழுவதுபோலக் கேட்கும் குரல் பெரும்பாலும் ஆந்தையுடையது. இவ்விளக்கங்கள் சரியானவை, தெரிந்துகொள்ளத் தக்கவை. ஆயினும் நீலி ஏன் அழுதாள் என்பதை இவை விளக்குவதில்லை.

கதைகள் இடங்களைக் காத்தன என்பதும் உண்மை. நள்ளிரவில் வேட்டைக்கு வரும் மாடனுக்கு அஞ்சிய காலத்தில் சுடுகாட்டு மரத்தை வெட்டவோ மண்ணை அள்ளவோ யாரும் எளிதில் துணியவில்லை. அதே நேரத்தில், பழைய புதைகுழியில் பூதம் காக்கும் புதையல் இருக்கிறது என்ற கதை எதிர்த்திசையில் வேலை செய்து, பொன்னைத் தேடியவர்கள் தாழிகளை உடைத்து எலும்பையும் உமியையும் வெளியே வீசிவிட்டுப் போகக் காரணமாயிற்று. கல்திட்டைகளின் பலகைக் கற்கள் வரப்புக்கும் வீட்டுப்படிக்கும் போயின. ஆதிச்சநல்லூரில் இப்போது, தோண்டிய குழியிலேயே தாழிகளை விட்டுவைத்து, மேலே கண்ணாடித் தளம் அமைத்துக் காட்டுகின்றனர். அங்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலக்கணிப்பைச் சொல்லும்போது மாடக்குழிக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பானைகளுக்கு மூவாயிரம் ஆண்டு வயது என்று தெரியாத நாளிலும் அவற்றுக்குள் இருப்பவர் தம் முன்னோர் என்று ஊர்மக்கள் அறிந்திருந்தது அந்தக் கதையால்தான்.

இந்த மரபின் சின்னங்களுள் மிக எளியது மயானத்தில் இல்லை, வழியோரத்தில் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு முன்னரே வயிற்றில் குழந்தையோடு இறந்த பெண், இறக்காத சுமையோடு அலைவாள் என்று நம்பிய குடும்பத்தார், அவள் பெயரால் ஆளுயரத்துக்கு இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி அமைத்தனர். விறகும் நெல்லும் புல்லுக்கட்டும் தலையில் சுமந்து வருவோர் பிறர் உதவியில்லாமல் சுமையை அதில் இறக்கி, மூச்சு வாங்கி, மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஒவ்வொருவர் சுமை இறங்கும்போதும் அவளுடைய சுமையும் சிறிது இறங்கும் என்பது நம்பிக்கை. சாலைகளை அகலப்படுத்தியபோது இவற்றுள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. எஞ்சியவை சில ஊர்களின் எல்லையிலும் புளியமரத்து நிழலிலும் நிற்கின்றன. சிலவற்றில் அவளுடைய பெயரையும் கல் நட்ட ஆண்டையும் இன்னும் படிக்க முடிகிறது.